ஊக்கும் ஜிகினாவும்

வளையலிலோ தாலிச் சரட்டிலோ நாலு ஊக்கு இல்லாத இல்லத்தரசி உண்டா? ரவிக்கைக் கொக்கி காலை வாரிவிட்டால் ஊக்கு. புடவை மடிப்பு நழுவினால் ஊக்கு. பள்ளிக்கூடம் போகும் குழந்தையின் சட்டையில் கைக்குட்டையைக் குத்தி அனுப்ப ஊக்கு. கிழிசலும் குறையும் பிறர் கண்ணில் படாமல் மறைத்து, நம் மானத்தைக் காப்பாற்றுவதுதான் அதன் உத்தியோகம்.

1976-ம் வருஷம் லண்டன் மாநகரில் இந்த ஊக்குக்கு உத்தியோகம் மாறிப் போயிற்று. அங்கே சில இளைஞர்களும் யுவதிகளும் சட்டையை வேண்டுமென்றே கிழித்தார்கள். கிழிசல் எல்லார் கண்ணிலும் படவேண்டும் என்பதற்காகவே வரிசையாக ஊக்குகளைக் குத்திக்கொண்டு தெருவில் நடந்தார்கள். சிலர் காதிலும் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் கொண்டாடிய சங்கீதத்துக்கு 'பங்க்' என்று பெயர்.

"சீமைச் சமாசாரம் நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பிள்ளை இருந்தால், சாப்பிடும்போதுகூட அவன் காதை விட்டு இறங்காத இயர்போனில் ஓடுவது இந்தப் பங்க்காகவே இருக்கலாம். அதே வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு ஒரு மாமா வருவார். கல்லூரி நாளில் வாங்கிய இசைத்தட்டுகளை இன்றும் துணி போட்டுத் துடைத்து அலமாரியில் அடுக்கி வைத்திருப்பவர். அவர் கேட்பதும் சீமைச் சங்கீதந்தான். ஆனால் அதற்குப் 'புரொகிரஸிவ் ராக்' என்று பெயர். ஒரு பாட்டு இருபது நிமிஷம் ஓடும்.

"இதுவும் ஒரு பாட்டாடா? வாசிக்கத் தெரியாதவர்கள் போடும் கூச்சல்! நான் கேட்கிறதை ஒரு தடவை கேட்டுப் பார்" என்பார் மாமா.

"உங்கள் பாட்டு முடிவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும், மாமா!" என்பான் பிள்ளை.

அறைக் கதவு படீரென்று சாத்தப்படும். ரசக் கரண்டியும் கையுமாக நடுவில் நிற்பவர் நீங்கள்!

இந்தச் சண்டை உங்கள் வீட்டில் ஆரம்பித்ததல்ல. ஐம்பது வருஷத்துக்கு முன் லண்டனில் ஆரம்பித்தது. அதன் உள்விவகாரம் தெரிந்துவிட்டால் பிள்ளையின் கதவைத் தட்டுவது எப்படி என்பதும் தெரிந்துவிடும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஜிகினாக் காலம்

முதலில் மாமாவின் கட்சி. 1969-ம் வருஷம் அக்டோபர் மாதம், 'கிங் கிரிம்ஸன்' என்ற ஒரு லண்டன் கோஷ்டி தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. இருபதுகளில் இருந்த ஐந்து வாலிபர்கள். மூன்று நிமிஷத்தில் முடிந்துபோகும் காதல் பாட்டு அவர்களுக்கு அலுத்துவிட்டது. நீண்ட இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல் இடம் இருக்கிறதே, அதை ஏன் துண்டு துண்டாக நறுக்கவேண்டும் என்று அந்தத் தலைமுறைக் கலைஞர்கள் கேட்டார்கள். ஐரோப்பாவின் பழைய சாஸ்திரீய சங்கீதம், அமெரிக்காவின் ஜாஸ், இங்கிலாந்தின் நாட்டுப் பாடல் எல்லாவற்றையும் மின்சாரக் கிதாரோடு சேர்த்துக் கிண்டினார்கள்.

அவர்கள் வாத்தியங்களில் 'மெலோட்ரான்' என்று ஒன்று. பார்வைக்கு ஹார்மோனியத்தின் பெரியண்ணா. ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு ஒலிநாடா இருக்கும். அதில் பிடிலிலோ புல்லாங்குழலிலோ முன்பே வாசித்துப் பதிவு செய்த ஒரே ஒரு சுரம். கட்டையை அமுக்கினால் நாடா ஓடும். சுமார் எட்டே விநாடியில் தீர்ந்துபோகும். விரலை எடுத்தால் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஒரு ஆளை உட்காரவைத்து ஐம்பது பிடில்காரர்களின் நாதத்தை எழுப்புவதற்கு அந்நாளில் செய்த உபாயம் இது!

போகப் போக ஆடம்பரமும் சேர்ந்துகொண்டது. 'ஜெனிஸிஸ்' கோஷ்டியின் பாடகர் பீட்டர் கேப்ரியல், 1972-ல் ஒரு நாள் தம் மனைவியின் சிவப்பு கவுனை மாட்டிக்கொண்டு, தலையில் நரி முகமூடியோடு மேடைக்கு வந்து நின்றார். உடன் வாசிப்பவர்களுக்கே முன்கூட்டித் தெரியாதாம்! 'எஸ்' கோஷ்டியில் பியானோ, ஆர்கன் வகையறாக்களை வாசித்த ரிக் வேக்மன், ஜிகினா தைத்த நீண்ட அங்கியில் ஜொலிப்பார். 1975-ல் ஆர்தர் ராஜாவின் கதையை லண்டன் வெம்ப்ளி அரங்கில் பனித்தரையின்மேல் சறுக்கு ஆட்டமாகவே நடத்தினார். ராஜா, ராணி, குதிரை வீரர் எல்லாரும் பனியில் சறுக்க, நடுவில் இவருடைய வாத்தியம்!

அதே 'எஸ்' கோஷ்டி 1973-ல் ஒரு இரட்டை இசைத்தட்டு கொண்டுவந்தது. நாலே பாட்டு, மொத்தம் 80 நிமிஷம்! பரமஹம்ஸ யோகானந்தரின் சுயசரிதையில் ஓர் அடிக்குறிப்பைப் படித்ததிலிருந்து பிறந்த யோசனையாம் அது. வேக்மனுக்கே இந்த நீளம் பொறுக்கவில்லை. மான்செஸ்டர் நகரக் கச்சேரியில், உதவியாள் தவறாகப் புரிந்துகொண்டு பாதியிலேயே கோழிக் கறியும் சோறும் வாங்கி வந்து நீட்ட, வாத்தியத்தின்மேல் வைத்து அங்கேயே சாப்பிட ஆரம்பித்துவிட்டாராம். இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுகிறவரும் அவரேதான். அடுத்த வருஷம் அவர் அந்தக் கோஷ்டியை விட்டு விலகினார்.

ஊக்குக் காலம்

இனி பிள்ளையின் கட்சி. 1976-ல் இங்கிலாந்தில் வேலையில்லாதோர் தொகை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த பிள்ளைகளுக்கு வேலை இல்லை, கையில் காசு இல்லை. ஜிகினா அங்கியும் பனிச்சறுக்கும் யாருக்கு வேண்டும்? மேடையில் நிற்பவருக்கும் கீழே நிற்கும் தனக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை.

அந்த வருஷம் ஏப்ரலில் நியூயார்க்கிலிருந்து 'ரமோன்ஸ்' என்ற கோஷ்டியின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 14 பாட்டு, எல்லாம் சேர்த்து அரை மணிகூட இல்லை! ஜூலையில் அவர்கள் லண்டனுக்கே வந்து வாசித்தார்கள். 1977 ஜனவரியில் ஒரு சிறு பத்திரிகை, கிதாரில் மூன்றே மூன்று விரல்பிடிகளைப் படம் போட்டுக் காட்டி, கோஷ்டி ஆரம்பிக்க இதுவே போதும் என்றது. அரங்கேற்றத்துக்குப் பத்து வருஷம் காத்திருக்க வேண்டாம். சொல்ல விஷயம் இருந்தால் மேடை ஏறலாம். பங்க்கின் வேதம் இவ்வளவுதான்.

சகோதரிகள் கவனிக்கவேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஜிகினாக் கோஷ்டிகளில் பெண்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். 'ரெனைஸான்ஸ்' கோஷ்டியில் 1971 முதல் பாடிய ஆனி ஹாஸ்லம் போல் ஓரிருவர்தான் தென்படுவார்கள். ஆனால் ஊக்குக் காலத்தில் பெண்கள் தயங்காமல் மேடை ஏறினார்கள். 'ஸ்லிட்ஸ்' என்ற கோஷ்டியைப் பெண்களே நடத்தினார்கள். சோமாலியத் தகப்பனாருக்கும் பிரிட்டிஷ் தாயாருக்கும் பிறந்த பாலி ஸ்டைரீன் என்ற பெண், பல்லில் கட்டிய கம்பியை மறைக்காமல் வாய் திறந்து பாடினாள். அழகு இப்படித்தான் இருக்கவேண்டும் என்று கடைக்காரன் சொல்வதை நான் ஏன் கேட்கவேண்டும் என்பதுதான் அவள் பாட்டுகளின் சாரம். ஆகவே பிள்ளையின் பங்க்கை 'வெறும் கூச்சல்' என்று தள்ளிவிடாதீர்கள். நமக்கும் அதில் பாத்தியதை உண்டு.

சட்டையில் எழுதிய பொய்

இப்போதுதான் கதையின் ருசியான கட்டம்.

வடக்கு லண்டனில், ஐரிஷ் வம்சத்து ஏழைக் குடும்பத்தில் 1956-ல் பிறந்தவர் ஜான் லைடன். ஏழாவது வயதில் மூளைச் சவ்வுக் காய்ச்சல் கண்டு, சுமார் ஒரு வருஷம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். எழுந்தபோது பல நினைவுகள் தப்பிப்போயிருந்தன. இவர் 1975-ல், பத்தொன்பது வயதில், 'பிங்க் ஃப்ளாய்டு' என்ற புகழ்பெற்ற கோஷ்டியின் பெயர் பொறித்த பனியன் ஒன்றை எடுத்தார். அந்தப் பெயருக்கு மேலே 'நான் வெறுக்கிறேன்' என்று தாமே எழுதிச் சேர்த்து, அதைப் போட்டுக்கொண்டு லண்டன் கிங்ஸ் ரோடில் திரிந்தார். அங்கே மால்கம் மக்லாரன், விவியன் வெஸ்ட்வுட் ஆகிய இருவரும் துணிக்கடை வைத்திருந்தார்கள். வெஸ்ட்வுட் பின்னால் உலகப் பிரசித்தி பெற்ற உடையலங்காரக் கலைஞராக விளங்கினாரே, அதே அம்மையார்தான். அந்தப் பனியனே லைடனுக்குச் சிபாரிசுக் கடிதமாயிற்று. கடையிலிருந்த இசைப்பெட்டியில் ஒரு தட்டைச் சுழலவிட்டு, கூடவே பாடச் சொல்லிப் பார்த்தார்கள். அவ்வளவுதான், 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' கோஷ்டியின் பாடகர் ஆகிவிட்டார். பல் கெட்டிருந்ததால் 'ஜானி ராட்டன்', அதாவது 'அழுகல் ஜானி' என்று பட்டப் பெயரும் கிடைத்தது.

1977 மே மாதம், ராணியின் வெள்ளி விழா சமயத்தில், ராணியைப் பற்றி அவர்கள் போட்ட பாட்டு இங்கிலாந்தையே கலக்கியது. பி.பி.சி. அதை ஒலிபரப்ப மறுத்தது. ஜூன் மாதம் லைடனைத் தெருவில் வழிமறித்துச் சிலர் கத்தியால் வெட்டினார்கள்.

அதற்கு மறு மாதம், ஜூலை 16-ம் தேதி, லண்டனின் காபிடல் ரேடியோ அவரை அழைத்து, "உமக்குப் பிடித்த இசைத்தட்டுகளைக் கொண்டு வாரும்" என்றது. ஊரே காத்திருந்தது. பங்க் பங்க்காகப் பொரியப் போகிறார் என்று நினைத்தவர்களுக்குப் பெருத்த ஏமாற்றம்! அவர் கொண்டுவந்ததில் ஜமைக்கா ரெகே இருந்தது. ஜெர்மனியின் 'கான்' கோஷ்டி போட்ட நீ...ண்ட பாட்டு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர்' என்ற அசல் புரொகிரஸிவ் கோஷ்டியின் தலைவரான பீட்டர் ஹேமில்லின் பாட்டு, ஒன்றல்ல, இரண்டு இருந்தன! மக்லாரனுக்கு மகா கோபம். 'ஒன்றும் தெரியாத முரட்டுப் பிள்ளை' என்று அவர் அரும்பாடுபட்டுக் கட்டிய வேஷம் ஒரே சாயங்காலத்தில் கலைந்துவிட்டதே!

பனியன் விஷயம்? தமக்குப் பிங்க் ஃப்ளாய்டின்மேல் அப்படியொன்றும் வெறுப்பில்லை என்றும், அவர்களுடைய 1973-ம் வருஷத்துத் தட்டு தமக்குப் பிடித்ததே என்றும் பிற்காலத்தில் லைடனே சொல்லிவிட்டார்.

அவர் ஒருவர்தானா? இங்கிலாந்தின் முதல் பங்க் பாட்டை 1976 அக்டோபரில் தட்டாக வெளியிட்ட 'டாம்ன்ட்' கோஷ்டி, தன் இரண்டாவது தட்டைத் தயாரித்துக் கொடுக்க யாரை அழைத்தது தெரியுமா? பிங்க் ஃப்ளாய்டின் டிரம் வித்வான் நிக் மேஸனை! தட்டு சோபிக்கவில்லை என்பது வேறு விஷயம். 'கிளாஷ்' என்ற பெரிய பங்க் கோஷ்டியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான கீத் லெவின், சிறு பையனாக இருந்தபோது 'எஸ்' கோஷ்டியின் பரம ரசிகர். அவர்களோடு ஊர் ஊராகப் போய் மூட்டை தூக்கினவர்.

லைடன் 1978-ல் பிஸ்டல்ஸை விட்டு விலகி, இந்த லெவினையே சேர்த்துக்கொண்டு புதுக் கோஷ்டி ஆரம்பித்தார். 1979-ல் அவர்கள் மூன்று இசைத்தட்டுகளை வட்டமான தகர டப்பாவில் போட்டு விற்றார்கள். அதில் முதல் பாட்டே பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. 'பாட்டு நீளம்' என்று யார் சண்டை போட்டாரோ, அவரே!

ஆக, சண்டை இரண்டு சங்கீதங்களுக்கு இடையில் இல்லை; இரண்டு சட்டைகளுக்கு இடையில்தான். 'நீ சொல்லுகிற மாதிரி வாசிக்கமாட்டேன்' என்றுதான் 1969-ன் வாலிபனும் சொன்னான். 1976-ன் வாலிபனும் சொன்னான். ஒருவன் நீட்டிக் காட்டினான். மற்றவன் நறுக்கிக் காட்டினான்.

அன்னப்பிராசனம் செய்யும் முறை

குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும்போது யாராவது வத்தக்குழம்பிலிருந்து ஆரம்பிப்பார்களா? மாமா செய்கிற தப்பு அதுதான். 80 நிமிஷத்து இரட்டைத் தட்டை எடுத்து முதல் நாளே பிள்ளையின் தலையில் கட்டுகிறார். அது கடைசிப் பந்திக்கு. முறையாகப் பரிமாறினால் இப்படி:

முதல் நாள், பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாதீர்கள், கேளுங்கள். "உனக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போடேன்" என்று சொல்லி, உட்கார்ந்து முழுக்கக் கேளுங்கள். இரண்டு நிமிஷம் பொறுக்க முடியாதா? என்ன கோபம், யார்மேல் கோபம் என்று விசாரியுங்கள். பிள்ளை நிச்சயம் உற்சாகமாகச் சொல்லுவான்.

இரண்டாம் நாள், அவன் கட்சியிலேயே இருக்கும் நீண்ட பாட்டை நினைவூட்டுங்கள். கலிபோர்னியாவின் 'கிரீன் டே' கோஷ்டி 2004-ல் வெளியிட்ட தட்டு ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே கதை. அதில் 'ஜீஸஸ் ஆஃப் சபர்பியா' என்ற பாட்டு ஐந்து பாகமாக ஒன்பது நிமிஷம் ஓடுகிறது. 'நோ எஃப்.எக்ஸ்.' என்ற இன்னொரு பங்க் கோஷ்டி 1999-ல் 18 நிமிஷத்துக்கு ஒரே பாட்டைப் போட்டது. 'கிளாஷ்' 1980-ல் மூன்று தட்டுகளில் 36 பாட்டுகளை வாரி இறைத்தது. "ஏண்டா, இதெல்லாம் நீளமில்லையா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் சமையலறைக்குப் போய்விடுங்கள். மீதியை அந்தக் கேள்வி பார்த்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள், ரேடியோவில் லைடன் போட்ட அந்த ஹேமில்லின் தட்டு. 'நாடிர்ஸ் பிக் சான்ஸ்' என்று பெயர், 1975-ல் வந்தது. புரொகிரஸிவ் மேதாவி ஒருவர், என்றைக்கும் பதினாறு வயதே ஆன ஒரு முரட்டுப் பாடகனாக வேஷம் கட்டிக்கொண்டு, கட்டை கட்டையான சிறு பாட்டுகளைக் கத்திப் பாடுகிறார். பங்க் என்ற பெயர் லண்டனில் பரவுவதற்கு முன்பே பாடிய பங்க்! கதவுக்கு இது சரியான சாவி.

நாலாம் நாள், கிங் கிரிம்ஸன் முதல் தட்டின் முதல் பாட்டு. ஏழு நிமிஷம். வியட்நாம் யுத்தத்தின் கொடுமையைக் கண்டு எழுந்த ஆத்திரம் அதில் கொதிக்கிறது. பாடுகிறவரின் குரலையே இயந்திரத்தில் அரைத்து நொறுக்கியிருக்கிறார்கள். பாதியில் எல்லா வாத்தியங்களும் ஒரே மூச்சாகப் பாய்ந்து, ஒரே கணத்தில் நின்று, மறுபடி பாயும். பங்க் பிள்ளையின் கண் அங்கே விரியும். தட்டின் உறையில் வாய் பிளந்து அலறும் சிவப்பு முகம் ஒன்று இருக்கும்; அதையும் காட்டுங்கள். அதை வரைந்த பாரி காட்பர் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்த்த இளைஞர். தட்டு வெளிவந்த சில மாதங்களில், 24-ம் வயதில் காலமாகிவிட்டார், பாவம்.

அது பிடித்துவிட்டால் அதே கோஷ்டி 1974-ல் வெளியிட்ட 'ரெட்' என்ற தட்டில் கடைசிப் பாட்டு. பன்னிரண்டு நிமிஷம். நடுவில் ராபர்ட் ஃபிரிப், நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து வாசிப்பவர், ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுவார். இன்னும் கொஞ்சம் உயரம், மறுபடி அதே சுரம். இறுக்கம் ஏறிக்கொண்டே போகும். வித்தை காட்டத் தெரிந்தவர் வித்தை காட்டாமல் ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பிள்ளை கவனிக்கட்டும். மூன்று பிடி போதும் என்கிற அவனுக்கு, ஒரு சுரமே போதும் என்கிறவர் அந்நியரா என்ன?

ஐந்தாம் நாள், பிங்க் ஃப்ளாய்டு 1977 ஜனவரியில் வெளியிட்ட 'அனிமல்ஸ்'. பாட்டெல்லாம் நீளந்தான். ஆனால் பணக்காரர்களையும், பிறருக்கு ஒழுக்கம் போதிப்பவர்களையும் நாய், பன்றி என்று பெயர் சொல்லித் திட்டுகிற தட்டு. அந்த வருஷத்தின் ஊக்குக் கோஷ்டிகளின் கோபத்துக்கு இது இளைத்ததல்ல. உறைப் படத்துக்காக லண்டன் பாட்டர்ஸீ மின்சார நிலையத்தின்மேல் 40 அடிப் பன்றிப் பலூன் ஒன்றைப் பறக்கவிட்டார்கள். அது கட்டை அறுத்துக்கொண்டு ஆகாய விமானங்களுக்கு நடுவே பறந்து, கெண்ட் மாவட்டத்துப் பண்ணை ஒன்றில் போய் விழுந்தது! இந்தக் கதையைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் பாட்டைக் கேட்டுத்தான் பார்ப்பான்.

நமக்குத் தெரிந்த கணக்கு

ஆறாம் நாள் உங்கள் நாள். அதே பிங்க் ஃப்ளாய்டின் 1973-ம் வருஷத்துத் தட்டில் பணத்தைப் பற்றிய பாட்டு ஒன்று. காசு விழும் சத்தமும், கடைக் கல்லாப் பெட்டி திறக்கும் சத்தமும் தாளமாகவே வரும். கோஷ்டியைச் சேர்ந்த ராஜர் வாட்டர்ஸ், தம் மனைவி மண்பாண்டம் செய்ய வைத்திருந்த கிண்ணத்தில் காசுகளைப் போட்டுச் சுழற்றிப் பதிவு செய்தார். ஒலிநாடாவை அளவு பார்த்து வெட்டி, ஒட்டி, வளையமாக ஓடவிட்டார்கள். எத்தனை சத்தம் என்று எண்ணிப் பாருங்கள். ஏழு!

கை தானாகத் 'தகிட தகதிமி' போடவில்லையா? நம் மிச்ரசாபுக் கணக்கேதான். சீமைப் பாட்டு பெரும்பாலும் நாலு நாலாக நடப்பது. ஏழில் நடந்தால் அங்கே பலருக்குக் கால் தடுக்கும். நமக்கு அது பாட்டு வகுப்புப் பாடம். கிதார் தனியாக வாசிக்கும் இடத்தில் தாளம் நாலுக்கு மாறும். அதையும் பிள்ளைக்குச் சுட்டிக் காட்டுங்கள். 'ஜெத்ரோ டல்' கோஷ்டி 1969-ல் வெளியிட்ட 'லிவிங் இன் தி பாஸ்ட்' ஐந்தில் நடக்கிறது. மூன்று நிமிஷத்துச் சில்லறையில் முடிந்தும் போகிறது. அவசரக்காரப் பிள்ளைக்கு அளவான கவளம்.

இந்தக் கணக்கு தற்செயல் அல்ல. யார்க்ஷயரில் பிறந்த கிதார் வித்வான் ஜான் மக்லாலின், 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்ற கோஷ்டியை 1971-ல் ஆரம்பித்தவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். பிறகு எல். சங்கரின் பிடில், விக்கு விநாயகராமின் கடம், ஜாகிர் ஹுசேனின் தபலா ஆகியவற்றோடு 'சக்தி' என்ற கோஷ்டியைக் கண்டார். அதன் முதல் தட்டு 1976-ல் வெளிவந்தது. எவ்வளவு பாய்ச்சல், எவ்வளவு வேகம்! மின்சாரமே இல்லாத பங்க் என்று பிள்ளை சொன்னாலும் சொல்லுவான்.

ஏழாம் நாள் ஓய்வு. அதன் பிறகு அவனாகக் கேட்டால் மட்டும், ஜெத்ரோ டல்லின் 1972-ம் வருஷத்துத் தட்டை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள் மாமாவை. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பாட்டு, 43 நிமிஷத்துக்கு மேல்! உறை முழுவதும் ஒரு பொய்ப் பத்திரிகை. எட்டு வயதுச் சிறுவன் எழுதிய கவிதைக்கு மெட்டமைத்ததாக ஒரு பொய். 'எல்லாரும் பெரிது பெரிதாகப் போடுகிறார்களே, எல்லாவற்றையும் விடப் பெரிதாக ஒன்று போட்டுக் கேலி செய்வோம்' என்று இயான் ஆண்டர்ஸன் செய்த குறும்பு அது. ஜிகினாக் கட்சியும் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்ததுதான் என்று பிள்ளைக்கு அப்போது விளங்கும்.

பிடிக்கவில்லை என்றால்?

விட்டுவிடுங்கள். வற்புறுத்தாதீர்கள். பங்க்கை விட்டு அவனைப் பிரிப்பதற்காக இவ்வளவும் செய்யவில்லை. பதினாறு வயதில் ஒரு பிள்ளை சட்டையில் எழுதிக்கொள்ளுவதெல்லாம் அவன் மனத்தில் இருப்பது அல்ல. சேர்ந்து நிற்கும் கூட்டம் தன்னைக் கைவிட்டுவிடக் கூடாதே என்ற பயமும் அதில் பாதி. 'இது எனக்குப் பிடித்திருக்கிறது' என்று தன் கூட்டத்தின் எதிரில் சொல்லுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். இருபத்தொரு வயதில், வெட்டுக் காயம் ஆறியும் ஆறாத நிலையில், ஊக்குக் கூட்டத்தின் ராஜா ரேடியோவில் உட்கார்ந்து சொன்னாரே, அந்தத் துணிச்சல்! அதை வீட்டில் பழகிக்கொள்ள ஒரு இடம் இருந்தால் போதும். உங்கள் கூடம் அந்த இடமாக இருக்கட்டும்.

மாமாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டு பிள்ளையுடையது. அவர் வாயைத் திறக்காமல் கேட்கவேண்டும். இரண்டே நிமிஷந்தான், ரசம் ஆறிவிடாது.